மாக்கோழியும் கணினித் தவளையும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியில் கணினியின் பங்கு என்பது மிகப் பரந்த பொருள். கோள்களின் சுழற்சி முதல் அணுவின் அமைப்பு வரை இன்று கணினித் திரையில் காட்டப்படாத பாடம் அரிது. அவ்வளவையும் தொட்டுச் செல்ல இவ்வுரை முயலவில்லை. ஒரு பாடத்தையும், அப்பாடத்தில் ஒரு சிற்றுயிரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கணினி வந்தபின் அங்கே நிகழ்ந்த மாற்றத்தை ஆராய்கிறது. பாடம் விலங்கியல், உயிர் தவளை.

தவளை சமணர்க்குப் புதியதன்று. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், வழிபாட்டின் பயனைக் கூறுமிடத்தில் ஒரு தவளையைச் சுட்டுகிறது. இராசகிருக நகரில் பகவான் மகாவீரரை வழிபட மலரொன்றைக் கவ்விக்கொண்டு சென்ற அத்தவளை, வழியில் யானையின் காலடியில் பட்டு உயிர் நீத்துத் தேவனாய்ப் பிறந்தது என்பது கதை. பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளுள் ஒன்று அது. ஐம்பொறிகளும் உடைய உயிர் தவளை. வழிபடும் எண்ணம் அதற்கும் உண்டு என்பதே அக்கதையின் கருத்து.

அதே தவளை விலங்கியல் ஆய்வகத்தில் எந்நிலையில் இருந்தது என்பது முந்தைய தலைமுறை மாணவர்க்கு நினைவிருக்கும். குளோரோபார்ம் முகரச் செய்து, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களையும் ஊசிகளால் குத்தி நிறுத்தி, கத்தரிக்கோலால் தோலையும் தசையையும் திறந்து பார்ப்பது செய்முறைப் பாடம். மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் பகுதியில் நிலைமை இன்னும் கடுமையானது. நரம்பும் தசையும் இயங்கும் முறையைக் காட்ட, உயிருள்ள தவளையின் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் சிதைத்துவிட்டு, அதன் காலிலிருந்து தசையை நரம்போடு பிரித்தெடுப்பர். ஒரு வகுப்பில் எத்தனை மாணவரோ, ஏறத்தாழ அத்தனை உயிர்கள். அடுத்த ஆண்டு வேறு மாணவர், வேறு உயிர்கள். கற்கப்பட்ட பாடம் மட்டும் ஒன்றே.

கொல்லாமையை நோன்பாகக் கொண்ட வீட்டிலிருந்து அவ்வகுப்பிற்குச் சென்ற பிள்ளைக்கு அந்நாளில் இரண்டே வழிகள் இருந்தன. மனத்தை இறுக்கிக்கொண்டு கத்தரிக்கோலை எடுப்பது ஒன்று. மருத்துவத்தையும் விலங்கியலையும் விட்டுவிட்டு வேறு பாடத்திற்குச் செல்வது மற்றொன்று. அறிவா, அறமா என்று பதினேழு வயதுப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன கல்விமுறை அது.

சட்டம் இதனை முன்பே எண்ணிப் பார்த்திருந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மருத்துவப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நூல்கள், மாதிரி உருவங்கள், திரைப்படங்கள் முதலிய கற்பித்தல் கருவிகள் அதே பயனைத் தருமாயின், விலங்குகளின் மேல் சோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்கிறது. கணினி கல்லூரிகளுக்கு வராத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. ஆயினும் ‘அதே பயனைத் தருமாயின்’ என்னும் நிபந்தனையை நிறைவேற்றும் கருவி அன்று எளிதில் கிடைக்கவில்லை. அச்சுப் படத்தில் இதயம் துடிக்காது. மாதிரி உருவத்தில் நரம்பு துடிப்பைக் கடத்தாது. ஆகவே சட்டம் ஏட்டில் இருந்தது; தவளை தட்டில் இருந்தது.

அக்குறையை நிறைவு செய்ததே கணினி. ஓர் இயற்கை நிகழ்வின் விதிகளைக் கணக்குகளாக மாற்றி, அந்நிகழ்வு திரையில் மீண்டும் நடப்பதுபோலக் காட்டுவதை ஆங்கில வழக்கில் சிமுலேஷன் என்பர். தமிழில் அதனைப் பாவனை எனலாம். சமண நூல்களில் பயின்ற சொல் இது. உலகின் நிலையாமை முதலியவற்றை மனத்துள் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் பன்னிரண்டு சிந்தனைகளுக்கும் பாவனை என்றே பெயர். கண்முன் இல்லாத ஒன்றை உள்ளத்தில் நிறுத்தி உண்மையை உணர்வது அப்பாவனை. கண்முன் இல்லாத உயிரைத் திரையில் நிறுத்தி அதன் இயக்கத்தை உணர்வது இப்பாவனை.

பள்ளி, கல்லூரி மாணவர்க்கான கணினித் தவளை ஏறத்தாழ இவ்வாறு அமையும். திரையில் தவளையின் உடல் தோன்றும். மாணவர் தோலை விலக்கினால் தசை தெரியும். தசையை விலக்கினால் கல்லீரலும் இரைப்பையும் குடலும் தெரியும். இதயத்தைத் தொட்டால் அது பெரிதாகி, இரண்டு மேலறைகளும் ஒரு கீழறையும் சுருங்கி விரியும் முறையைக் காட்டும். மெழுகுத் தட்டில் தவறான நரம்பை வெட்டிய மாணவர்க்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. திரையிலோ விலக்கிய உறுப்பை மீண்டும் அதன் இடத்தில் வைக்கலாம். பத்து முறை பார்க்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1990களின் நடுப்பகுதியிலேயே இத்தகைய தவளை ஒன்றைக் கணினியில் உருவாக்கியது. சென்னையின் புளூ கிராஸ் அமைப்பும் கம்ப்யூஃபிராக், கம்ப்யூரேட் என்னும் பெயர்களில் தவளைக்கும் எலிக்கும் மாற்றான மென்பொருள்களை வெளியிட்டது.

மருத்துவக் கல்விக்குரிய பாவனை இதனினும் நுட்பமானது. அதற்கு நல்ல சான்று தொலைவில் இல்லை, புதுச்சேரியில் இருக்கிறது. ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் மருந்தியல் பேராசிரியராக விளங்கிய டாக்டர் இரவீந்திரன் அவர்கள் எக்ஸ்ஃபார்ம் என்னும் மென்பொருளை உருவாக்கினார். தவளையின் இதயம், முயலின் கண், கினியா எலியின் குடல் ஆகியவற்றின் மேல் மருந்துகள் செய்யும் செயலை அது காட்டுகிறது. மாணவர் மருந்தைத் தேர்ந்தெடுத்து அளவைக் குறித்தவுடன் விளைவு திரையில் தோன்றும். அட்ரினலின் கொடுத்தால் இதயம் விரைந்து வலிமையாகத் துடிக்கும். அசிட்டைல்கோலின் கொடுத்தால் துடிப்பு தளரும். அட்ரோபின் விட்டால் முயலின் கண்மணி விரியும். பைலோகார்பின் விட்டால் சுருங்கும். கற்றுக்கொள்வதற்கு ஒரு முறையும், பெயர் சொல்லப்படாத மருந்தை விளைவைக் கொண்டே கண்டறியும் தேர்வு முறையும் அதில் உண்டு. உயிருள்ள முயல் எதுவும் அங்கே கண் திறந்து துன்புறுவதில்லை.

இக்கருவிகள் வந்தபின் விதிகளும் மாறின. பல்கலைக்கழக மானியக் குழு 2011ஆம் ஆண்டில், விலங்கியல் படிப்புகளில் உயிர்களை அறுக்கும் செய்முறையைப் படிப்படியாகக் குறைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டில் அச்செய்முறையை இளநிலை, முதுநிலைப் பட்டப் படிப்புகளில் முற்றிலும் கைவிடப் பணித்தது. அதே ஆண்டில் இந்திய மருத்துவக் கழகமும், இளநிலை மருத்துவப் படிப்பின் உடலியங்கியல், மருந்தியல் பாடங்களைக் கணினி வழிப் பயிற்சியால் கற்பிக்கலாம் என்று தன் விதிகளைத் திருத்தியது. 1960இல் எழுதப்பட்ட சட்டத்தின் கருத்து வகுப்பறைக்கு வந்து சேர ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இங்கே பெற்றோர் மனத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. கொலை நீங்கியது மகிழ்ச்சியே. ஆனால் கல்வி குறைந்துவிட்டதா? திரையில் மட்டும் பார்த்த பிள்ளை, தட்டில் அறுத்துப் பார்த்த பிள்ளையினும் குறைவாகக் கற்குமா? உயிர்களை வதைக்கும் முறைகளையும் வதைக்காத முறைகளையும் ஒப்பிட்ட 50 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த மீளாய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. அவற்றுள் 45 ஆய்வுகளில், வதைக்காத முறையால் கற்ற மாணவர் மற்றவர்க்கு இணையாகவோ மேலாகவோ கற்றிருந்தனர். பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

எனினும் கணினியின் எல்லையையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. கணினித் தவளை எழுதி வைத்த விதிப்படியே இயங்கும். இயற்கையில் இரு தவளைகள் முற்றும் ஒத்திருப்பதில்லை; திரையிலோ எல்லாம் ஒன்றே. கைக்குக் கிடைக்கும் தொட்டறிவைத் திரை தாராது. அறுவை மருத்துவராக விரும்புவோர்க்குக் கைப்பயிற்சி இன்றியமையாதது. அதற்குத் தம் உடலைத் தாமே மனமுவந்து ஈந்த மனிதர்களின் உடல்கள் மருத்துவக் கல்லூரிகளில் உள்ளன. கால்நடை மருத்துவம் பயில்வோர், நோயுற்ற விலங்கைக் குணப்படுத்தும் சிகிச்சையில் மூத்தோர்க்குத் துணைநின்று கற்கலாம். தவளையை அறுத்த மாணவருள் மிகப் பெரும்பாலோர் அறுவை மருத்துவராகவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. கணினிக்குள் இருக்கும் அறிவு வானிலிருந்து வந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் கால்வானி, தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டார். 1921இல் ஓட்டோ லோவி, ஒரு தவளையின் இதயத்து நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தை நனைத்த நீரை மற்றோர் இதயத்தின் மேல் விட, அதன் துடிப்பும் தளரக் கண்டார். நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்னும் உண்மை அவ்வாறு வெளிப்பட்டது. பெர்க்லி ஆய்வகத்தின் கணினித் தவளையும், உயிர் போன ஒரு தவளையின் உடலை மெல்லிய அடுக்குகளாகச் சீவிப் படமெடுத்து உருவாக்கப்பட்டதே. அவ்வுயிர்களின் இழப்பை எந்தப் பாவனையும் ஈடு செய்யாது. ஒருமுறை அறியப்பட்ட உண்மையை ஆண்டுதோறும் புதிய கொலையால் மெய்ப்பிக்க வேண்டா என்பதே பாவனையின் அறம்.

இனி இவ்வுரையின் மையமான வினாவுக்கு வரலாம். திரையில் உள்ள தவளையை மாணவர் ‘அறுக்கிறார்’ அல்லவா? உயிர் இல்லாத உருவத்தை அறுப்பதும் இம்சை ஆகுமா? விளையாட்டாக எழுப்பத்தக்க வினா போலத் தோன்றினும், தமிழ்ச் சமணக் காப்பியம் ஒன்று இவ்வினாவையே தன் கதையின் அச்சாகக் கொண்டிருக்கிறது. அது யசோதர காவியம்.

தீய கனவு கண்ட யசோதர மன்னனை, தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு அவன் தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். உயிரைக் கொல்ல மன்னன் உடன்படவில்லை. அப்படியாயின் மாவினால் கோழி செய்து அதைப் பலியிடு என்கிறாள் தாய். தாயின் சொல்லுக்கு இசைந்து மன்னன் மாக்கோழியை வாளால் வெட்டுகிறான். சிந்தியது குருதி அன்று, மாவே. ஆயினும் அச்செயலின் வினை மகனையும் தாயையும் விடவில்லை. மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் இருவரும் அலைந்து, கொல்லப்பட்டுக் கொல்லப்பட்டுத் துயருறுகின்றனர். வெட்டியது மாவேயானாலும், வாளை ஓங்கிய எண்ணம் கொலை எண்ணமே என்பது காப்பியம் உணர்த்தும் நீதி.

இதன் எதிர்ப்பக்கத்தை நீலகேசி காட்டுகிறது. அரசிக்குக் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் மக்கள் ஆடும் கோழியும் கொண்டு காளி கோயிலுக்கு வருகின்றனர். அங்கிருந்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர், உயிர்களைக் கொல்லாதீர்கள்; மண்ணால் செய்த உருவங்களைக் கோயிலில் வையுங்கள், அது போதும் என்று அறிவுறுத்துகிறார். மக்களும் அவ்வாறே செய்கின்றனர். கொண்டுவந்த உயிர்கள் பிழைக்கின்றன.

இரண்டு காப்பியங்களிலும் உயிருக்கு மாற்றாக ஓர் உருவம் வருகிறது. ஓரிடத்தில் அது வினையாயிற்று; மற்றோரிடத்தில் அறமாயிற்று. மாவும் மண்ணும் இவ்வேறுபாட்டைச் செய்யவில்லை. மன்னன் உருவத்தை நிறுத்திக் கொலைச் செயலை நிகழ்த்தினான். கொலையின் பயனை விரும்பினான். முனிவர் சொற்படி நடந்த மக்கள் உருவத்தை வைத்துக் கொலைச் செயலையே விலக்கினர். சமண நூல்கள் இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என இரண்டாகப் பகுப்பதன் பொருள் இங்கே விளங்கும். உடலுக்குச் செய்யும் ஊறு திரவிய இம்சை. உள்ளத்தில் எழும் கொடுமையும் சோர்வும் பாவ இம்சை. ஆய்வகத்துத் தட்டை அகற்றிய கணினி, திரவிய இம்சையை நீக்கிவிட்டது. பாவ இம்சையை நீக்கும் ஆற்றல் எந்த மென்பொருளுக்கும் இல்லை. அதை நீக்க வேண்டியவர் ஆசிரியரும் பெற்றோருமே.

மாணவர் உறுப்பின் அமைப்பை அறியவும், ஓர் உயிரும் சாகாமல் அறியவும் திரையைத் திறப்பாராயின், அது முனிச்சந்திரர் காட்டிய மண்ணுருவம். அதே மாணவர் பக்கத்து இருக்கைத் தோழனிடம், ‘பார், எப்படிக் கிழிக்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டு திரையைச் சிதைப்பாராயின், அது யசோதரனின் மாக்கோழிக்கு அருகே சென்றுவிடுகிறது. கைப்பேசி விளையாட்டுகளில் நாள்தோறும் சுட்டும் வெட்டியும் பழகிய விரல்களே விலங்கியல் வகுப்பின் திரையையும் தொடுகின்றன. கல்வி மென்பொருளும் கொலை விளையாட்டும் ஒரே கருவியில் அருகருகே இருக்கும் காலம் இது. ஆகவே இக்கவலை வெறும் நூற்கவலை அன்று.

இதனால் ஆசிரியர் கடமை மூன்றாகிறது. முதலாவது, விளைவைக் காட்டும் முன் வினாவை எழுப்புவது. ‘அட்ரினலின் கொடுத்தால் துடிப்பு கூடுமா, குறையுமா? ஏன்?’ என்று மாணவரை முதலில் எழுதச் செய்து, பின்னரே விசையை அழுத்தச் சொல்ல வேண்டும். தன் கணிப்பு தவறாகும் இடத்தில்தான் மாணவர் சிந்திக்கத் தொடங்குகிறார். கணிப்பின்றிப் பார்க்கும் பாவனை வெறும் படக்காட்சி.

இரண்டாவது, திரையிலிருந்து மாணவரை வெளியே அழைத்துச் செல்வது. மழைக்காலத்தில் ஊர்க் குளத்தின் கரையில் அரைமணி நேரம் அமைதியாக அமரச் செய்தால் போதும். முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்த குஞ்சு, வால் சுருங்கும் நிலை என வளர்ச்சி முழுவதையும் சில வாரங்களில் காணலாம். பிடிக்க வேண்டா, புட்டியில் அடைக்க வேண்டா. அறுத்துப் பார்க்கும் வகுப்பு ஒருபோதும் காட்டாத ஒன்றை, அதாவது தவளை எவ்வாறு வாழ்கிறது என்பதை, அக்குளம் காட்டும்.

மூன்றாவது, பாடத்தின் தொடக்கத்தில் இரண்டு மணித்துளிகள் ஒதுக்கி, ‘இந்தப் படத்தின் பின்னே ஓர் உயிர் இருந்தது, அது போனதால் இவ்வறிவு கிடைத்தது, இனி எந்த உயிரும் போக வேண்டியதில்லை’ என்று சொல்வது. இது சமயப் பிரசாரம் அன்று. எந்தச் சமயத்துப் பிள்ளையும் கேட்கத்தக்க நன்றியுரை.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை பயிலும் பள்ளியிலும் கல்லூரியிலும் உயிரியல் செய்முறை எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்டறிய வேண்டும். விதி மாறியிருந்தாலும் பழக்கம் மாற நாளாகும். எங்கேனும் பழைய முறை நீடிப்பின், சினமின்றிப் பணிவோடு பேசி, மாற்றுக் கருவிகள் உள்ளன என்பதை எடுத்துரைக்கலாம். ‘எங்கள் சமயம் ஒப்பாது’ என்னும் ஒரே காரணத்தோடு நிறுத்தாமல், ‘இம்முறையில் மாணவர் குறைவின்றிக் கற்கின்றனர்’ என்னும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் செவிசாய்ப்பர். மருத்துவமும் விலங்கியலும் பயில ஆசைப்படும் பிள்ளையை, கொலைக்கு அஞ்சித் தடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. உயிர்களை நேசிக்கும் வீட்டுப் பிள்ளைகள் உயிர்களைப் பற்றிய அறிவில் முன்நிற்பதே பொருத்தம்.

விடுமுறை நாள்களில் அறநெறி வகுப்புகள் நடத்தும் அறக்கட்டளைகள், ஒரு வகுப்பில் யசோதர காவியக் கதையைச் சொல்லி, அடுத்த வகுப்பில் கணினியில் தவளையின் இதயத்தைக் காட்டலாம். பின்பு பிள்ளைகளிடம், ‘மன்னன் செய்ததற்கும் நீங்கள் செய்ததற்கும் என்ன வேறுபாடு?’ என்று கேட்கலாம். விடையைப் பெரியவர்கள் முந்திச் சொல்லிவிடாமல், பிள்ளைகள் தாமே வாதிட்டுக் காண விட வேண்டும். காப்பியத்தையும் விலங்கியலையும் ஒரே நாளில் கற்ற பிள்ளை, இரண்டையும் எளிதில் மறவாது.